மதிப்பெண்ணும் தன்விருப்பும்: மொழியியல் ஆய்வில் மாணவர் பங்கேற்பு – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் அறிமுகப் பாடம் பயிலும் முதலாமாண்டு மாணவர் ஒருவர் ஒலிபுகா அறையில் அமர்கிறார். கணினித் திரையில் தோன்றும் சொற்களை ஒலிவாங்கியின் முன் படிக்கிறார். அல்லது தாம் கேட்கும் தொடர் இயல்பானதா, அன்றா எனப் பொத்தானை அழுத்தித் தெரிவிக்கிறார். அரைமணி நேரம் கழிகிறது. அறையைவிட்டு வெளியேறும் அவருக்குப் பணம் ஏதும் தரப்படுவதில்லை. மாறாக, அவருடைய பாட மதிப்பெண்ணில் ஒரு சிறு கூறு சேர்கிறது. இம்முறை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நெடுங்காலமாக நிலவி வருகிறது.

இச்செயலில் வெளிப்படையான தீங்கு எதுவும் இல்லை. மாணவர்க்கு நோவில்லை, ஆய்வாளர்க்குத் தரவு கிடைக்கிறது, மொழி பற்றிய அறிவு வளர்கிறது. எனினும் அறவியல் நோக்கில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. மதிப்பெண்ணை வழங்கும் அதிகாரம் உடையவர் கேட்கும்போது மாணவர் தரும் ஒப்புதல் தன்விருப்பானதா என்பது ஒன்று. கற்றதற்குச் சான்றாக வழங்கப்பெறும் மதிப்பெண்ணை, ஒருவர் தம் பேச்சை ஆய்வுக்குத் தந்ததற்குக் கைம்மாறாக வழங்கலாமா என்பது மற்றொன்று. பங்கேற்பு மாணவர்க்குக் கற்றலாக அமையும் அளவிற்கே அதற்கு மதிப்பெண் வழங்குதல் அறமாகும் என்பதும், அவ்வாறு அமையாதவிடத்து நேரும் அறக்குறை மொழியியலில் தரவின் குறையாகவும் முடியும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்பெறுகின்றன.

பங்கேற்பு முறையின் தோற்றமும் தேவையும்

மாணவரை ஆய்வுக்கு உட்படுத்தும் வழக்கம் உளவியல் துறையில் முதலில் வேரூன்றியது. மனித நடத்தை பற்றிய அறிவியல் என்பது பெரும்பாலும் கல்லூரி இரண்டாமாண்டு மாணவரின் நடத்தை பற்றிய அறிவியலாகவே உள்ளது என்னும் பொருள்பட மெக்நிமர் என்னும் உளவியலாளர் 1946இலேயே குறைகூறியுள்ளார். அத்துறையில் இவ்வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்ததை இக்கூற்றால் அறியலாம்.

மொழியியல் இம்முறையைப் பின்னரே பெருமளவில் மேற்கொண்டது. சாம்ஸ்கியின் 'தொடரியல் அமைப்புகள்' 1957இல் வெளிவந்ததைத் தொடர்ந்து வளர்ந்த ஆக்கமுறை இலக்கண ஆய்வில், மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரின் உள்ளுணர்வே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆய்வாளர் தம் உள்ளுணர்வையும் உடன் பணியாற்றுவோர் சிலரின் உள்ளுணர்வையும் கொண்டே ஒரு தொடர் ஏற்புடையதா என முடிவு செய்ய இயன்றது. செய்முறை ஒலியியல், உளமொழியியல், புள்ளியியல் சார்ந்த தொடரியல் ஆகியவை வளர்ந்தபோது ஒருவர் இருவர் தரவு போதாதாயிற்று. பல பத்துப் பேரின் உச்சரிப்பும் தீர்ப்பும் வேண்டப்பட்டன. அறிமுகப் பாட வகுப்பில் அமர்ந்திருந்த நூற்றுக்கணக்கான மாணவர் இத்தேவையை நிறைவு செய்யும் வாயிலாயினர்.

நடைமுறை துறைக்குத் துறை வேறுபடினும் பொதுவான கூறுகள் சில உள. பங்கேற்கக்கூடிய மாணவர் தொகுதி ஒன்று பருவத் தொடக்கத்தில் உருவாக்கப்படும். நடைபெறவிருக்கும் ஆய்வுகளின் பட்டியல் கணினிவழி அறிவிக்கப்படும். மாணவர் தமக்கு உகந்த ஆய்வையும் நேரத்தையும் தெரிவு செய்வர். பங்கேற்ற நேரத்திற்கு ஏற்பக் கிரெடிட் எனப்படும் புள்ளி வழங்கப்படும். இப்புள்ளி பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் ஒரு சிறு விழுக்காடாகவோ, கூடுதல் மதிப்பெண்ணாகவோ கணக்கிடப்படும். பங்கேற்க விரும்பாதவர் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருதல் போன்ற மாற்றுப் பணியைச் செய்து அதே புள்ளியைப் பெறலாம். இம்மாற்றுப் பணி சலுகையாக அமைந்ததன்று. ஆய்வறம் பற்றிய நீண்ட சிந்தனையின் விளைவாக வந்தது.

ஒப்புதலும் அதன் எல்லையும்

மனிதரை ஆய்வுக்கு உட்படுத்தும்போது அவர்தம் தன்விருப்பான ஒப்புதல் இன்றியமையாதது என்பதை 1947இல் வெளியான நூரம்பர்க் நெறித்தொகுப்பு முதற்கூறாக வைத்தது. நாட்சி மருத்துவர் சிறைமுகாம்களில் இழைத்த கொடுமைகள் அதன் பின்புலமாகும். அமெரிக்காவிலேயே டஸ்கிகீ என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை மேகப்புண் நோயுற்ற கறுப்பின ஆடவர்க்கு உண்மையைக் கூறாமலும் உரிய மருந்தளிக்காமலும் நோயின் போக்கை மட்டும் நோக்கி வந்த செய்தி வெளிப்பட்டபின், அந்நாட்டில் சட்டமும் நெறிமுறையும் உருவாயின. 1979இல் வெளியிடப்பெற்ற பெல்மான்ட் அறிக்கை மூன்று கொள்கைகளை வகுத்தது. மனிதரை மதித்தல், நன்மை பயத்தல், நீதி ஆகியன அவை. மருத்துவத்தில் தோன்றிய இந்நெறிகள் படிப்படியாக மொழியியல் ஆய்வுக்கும் உரியவாயின.

மாணவர் பங்கேற்பை நோக்கும்போது பெல்மான்ட் அறிக்கை செய்யும் ஒரு வேறுபாடு பெரிதும் பயன்படுகிறது. தீங்கு விளைப்பதாக அச்சுறுத்தி இணங்கச் செய்வது வற்புறுத்தல். அளவுக்கு மீறியதோ தகாததோ ஆன ஒன்றைத் தருவதாகக் காட்டி இணங்கச் செய்வது முறையற்ற தூண்டல். பங்கேற்காவிடில் மதிப்பெண் குறையும் என்றால் அது வற்புறுத்தலின்பாற்படும். பங்கேற்றால் மதிப்பெண் கூடும் என்றால் அது தூண்டலின்பாற்படும். ஆயின், வகுப்பில் பெரும்பாலோர் பங்கேற்றுக் கூடுதல் மதிப்பெண் பெறும்போது, பெறாத ஒருவர் பின்தங்கியவராகிறார். மதிப்பெண் ஒப்பீட்டு அளவையாக உள்ள இடத்தில் பிறர்க்குக் கூடுவதும் தமக்குக் குறைவதும் பயனளவில் ஒன்றே. ஆகவே 'கூடுதல் மதிப்பெண்தான், கட்டாயமில்லை' என்னும் விளக்கம் முழு விடையாகாது.

இது கருதியே அமெரிக்க உளவியல் கழகம் 2002இல் ஏற்ற அறநெறித் தொகுப்பு, பங்கேற்பு பாடத்தின் தேவையாகவோ கூடுதல் மதிப்பெண்ணுக்குரிய வாய்ப்பாகவோ அமையுமிடத்து, அதற்கு இணையான மாற்றுப் பணியைத் தெரிவு செய்யும் உரிமை மாணவர்க்கு வழங்கப்படவேண்டும் என விதித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும், மாணவர், பணியாளர் போலப் படிநிலை உறவில் கீழ்நிலையில் உள்ளோரின் விருப்பம் தகாத தாக்கத்திற்கு உள்ளாகலாம் என்பதைக் கருத்திற்கொள்கின்றன. அந்நெறிமுறைகள் மருத்துவ, நலவாழ்வு ஆய்வுகளுக்கே உரியன என்றாலும் அவை சுட்டும் உறவுநிலை மொழி ஆய்விலும் அவ்வாறே உள்ளது.

ஆசிரியர் கேட்க மாணவர் தருவதன் சிக்கலை இந்திய மரபு நெடுங்காலமாகவே அறியும். மகாபாரதத்து ஏகலைவன் கதையில் துரோணர் அவனது வலக்கைக் கட்டைவிரலைக் கேட்கிறார். அவன் தயங்காது தருகிறான். அவனை எவரும் வற்புறுத்தவில்லை. அவன் மனமுவந்தே தந்தான். ஆயினும் அக்கொடையைக் கேட்டது முறையா என்னும் வினாவை அக்கதையைக் கேட்டோர் எழுப்பாதிருந்ததில்லை. ஒருவர் மனமுவந்து தந்தார் என்பதனால் மட்டும் கேட்டவர் செயல் அறமாகிவிடாது என்பதே அக்கதை உணர்த்தும் உண்மை. அரைமணி நேரப் பேச்சும் கட்டைவிரலும் ஒப்பல்ல. எனினும் உறவின் அமைப்பு ஒன்றே. மறுக்க இயலாத இடத்தில் நிற்பவரின் 'சரி' என்னும் சொல்லுக்கு, மறுக்க இயன்றவரின் 'சரி'க்குள்ள பொருள் இல்லை. மாற்றுப் பணி அமைப்பதன் உட்கிடை, மறுப்பதற்கு ஓர் இடம் ஏற்படுத்துவதேயாகும். அம்மாற்றுப் பணி பங்கேற்பைவிடக் கடினமாகவும் நேரம் கூடுதலாகப் பிடிப்பதாகவும் அமையின், அந்த இடம் பெயரளவிற்கே உள்ளது எனலாம். ஆய்வு அரைமணியில் முடிய, மாற்றுக் கட்டுரைக்கு மூன்று மணி நேரம் தேவைப்படின், மறுத்தலுக்கு விலை வைக்கப்பட்டுள்ளது என்றே கொள்ளவேண்டும்.

சான்றும் கூலியும்

மாற்றுப் பணி செம்மையாக அமைந்துவிட்டது எனக் கொள்வோம். அப்பொழுதும் இரண்டாம் வினா எஞ்சி நிற்கிறது. மதிப்பெண் எதற்குச் சான்று?

அமெரிக்க மொழியியல் துறைகளில் கள ஆய்வு முறைகள் என்னும் பாடம் உண்டு. மாணவர் அறியாத மொழி ஒன்றைப் பேசுபவர் வகுப்புக்கு அழைக்கப்படுவார். அவரிடம் வினவி அம்மொழியின் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் மாணவர் வெளிக்கொணர்வர். அவ்வாறு வருபவர்க்கு மணிக்கணக்கில் ஊதியம் வழங்கப்படுவது வழக்கம். அதே துறையில் தம் தாய்மொழியைத் தரும் மாணவர்க்கு மதிப்பெண் வழங்கப்படுகிறது. இருவரும் தருவது ஒன்றே, பெறுவது வேறு. ஊதியம் பெற்றவர் அதனைக் கொண்டு தாம் வேண்டியதை வாங்கலாம். மதிப்பெண் பெற்றவர் அதனால் 'இவர் இப்பாடத்தை இவ்வளவு அறிவார்' என்னும் சான்றைப் பெறுகிறார். பின்னாளில் அச்சான்றை நோக்கி அவரை வேலைக்கோ மேற்படிப்புக்கோ தெரிவு செய்பவர், அதில் ஒரு பகுதி ஒலிவாங்கியின் முன் அமர்ந்ததற்காகக் கிடைத்தது என்பதை அறியார்.

மைக்கேல் வால்சர் 1983இல் வெளியிட்ட 'நீதியின் களங்கள்' என்னும் நூலில், சமூகம் பகிர்ந்தளிக்கும் ஒவ்வொரு நன்மைக்கும் அதற்கேயுரிய பகிர்வு முறை உண்டு என்றும், ஒரு களத்தின் நன்மை மற்றொரு களத்தின் நன்மையைப் பெற்றுத் தரும் கருவியாகும்போது அநீதி பிறக்கிறது என்றும் வாதிடுகிறார். பணத்தால் நீதிமன்றத் தீர்ப்பை வாங்குதல் தவறாவது இதனாலேயே. இந்நோக்கில், உழைப்புக்குரிய கைம்மாறு ஊதியம். அறிவுக்குரிய அடையாளம் மதிப்பெண். உழைப்பைக் கொடுத்து அறிவின் அடையாளத்தைப் பெறுவது களம் மாறிய பரிமாற்றமாகும்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூல் உரைக்கப்படுதற்கு உரியோரை வரிசைப்படுத்துமிடத்துப் பொருள் மிகக் கொடுப்போனையும் வழிபடுவோனையும் உரையைக் கொள்ளும் ஆற்றலுடையோனையும் சேர்த்தே கூறுகிறார். பொருளும் தொண்டும் ஆசிரியர்க்குத் தரப்படுவதை அம்மரபு குறையாகக் கருதவில்லை என்பது இதனால் பெறப்படும். ஆயின், அவை பெற்றுத் தருவது கற்கும் வாய்ப்பையே. பொருள் கொடுத்தவன் அதனாலேயே கற்றவன் ஆவான் என அந்நூல் கூறவில்லை. கற்கும் வாய்ப்புக்கும் கற்றமைக்கான சான்றுக்கும் இடையிலான இவ்வேறுபாடே இங்கும் கருதத்தக்கது.

இதற்கு எதிர்வாதங்கள் உள. மதிப்பெண்ணுக்கு மாறாகப் பணம் தரலாம் எனின், வறிய மாணவரே மிகுதியாகப் பங்கேற்கும் நிலை உருவாகும். பணம் வேறுவகைத் தூண்டலாகும். மேலும், வகுப்புக்கு வருகை தருதல், கலந்துரையாடலில் பங்கேற்றல் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தரப்படுகிறது. அவையும் அறிவின் நேரடிச் சான்றுகள் அல்ல. முன்னைய மாணவர் பங்கேற்றதால் விளைந்த அறிவையே இன்றைய மாணவர் பாடநூலில் கற்கின்றனர். ஆதலின் அவர்களும் தம் பங்கைத் தருதல் கடமை என்றும் கூறலாம்.

இவ்வாதங்களுள் முதலாவது பணத்தின் குறையைக் காட்டுகிறதேயன்றி மதிப்பெண்ணின் தகுதியை நிறுவவில்லை. மூன்றாவது, பங்கேற்பைக் கடமையாக்குகிறது. கடமையாயின் ஒப்புதல் எதற்கு என்னும் வினாவிற்கு அதனிடம் விடையில்லை. இரண்டாவது வாதமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. வருகைக்கும் உரையாடலுக்கும் மதிப்பெண் தருவது அவை கற்றலின் பகுதி என்பதனால்தான். ஆய்வில் பங்கேற்றலும் கற்றலின் பகுதியாகுமெனின் அதற்கும் மதிப்பெண் தரலாம். ஆக, இவ்வாதம் வெல்வதும் தோற்பதும் ஒரு நிபந்தனையைப் பொறுத்தது: அந்த அரைமணி நேரத்தில் மாணவர் எதையேனும் கற்றாரா?

மனிதரை எப்பொழுதும் குறிக்கோளாகவும் கொள்ளவேண்டும், வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது இமானுவேல் காண்ட் 1785இல் வகுத்த நெறி. இதில் 'மட்டும்' என்னும் சொல் இன்றியமையாதது. பிறரைக் கருவியாகக் கொள்ளாது உலகியல் நடவாது, ஆய்வும் நடவாது. தரவு தரும் அதே வேளையில் மாணவர் கற்பவராகவும் நடத்தப்படின், அவர் கருவி மட்டும் ஆகார்.

தாய்மொழியும் வாய்ப்பின் சமன்மையும்

இதுகாறும் கூறியவை உளவியலுக்கும் பொருந்தும். மொழியியலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது தாய்மொழி பற்றியது.

ஆங்கில ஒலியன்களையோ தொடர்களையோ ஆராயும் ஆய்வுகள் பல, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரை மட்டுமே ஏற்கின்றன. குழந்தைப் பருவத்தில் பிறமொழி கேட்டு வளராதவர், கேள்வி அல்லது பேச்சுக் குறைபாடு இல்லாதவர் என்னும் வரையறைகளும் சில ஆய்வுகளில் இடம்பெறும். ஆய்வு நோக்கில் இவ்வரையறைகளுக்குக் காரணம் உண்டு. ஆயின் அவ்வகுப்பிலேயே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் ஒருவர் இருப்பின், பட்டியலில் உள்ள ஆய்வுகளுள் பல அவருக்கு மூடியனவாகின்றன. வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசி அமெரிக்காவிலேயே வளர்ந்தவர்க்கும் நிலை இதுவே. பிறர் அரைமணி அமர்ந்து பெறும் புள்ளியை அவர் கட்டுரை எழுதிப் பெறவேண்டியவராகிறார்.

தாய்மொழி ஒருவர் ஈட்டியதன்று. பிறப்பாலும் வளர்ப்பாலும் அமைவது. அதனை அளவாகக் கொண்டு மதிப்பெண்ணுக்கான வாய்ப்பு கூடுவதும் குறைவதும் பெல்மான்ட் அறிக்கையின் மூன்றாம் கொள்கையாகிய நீதிக்கு இயையுமா என்பது எண்ணத்தக்கது. ஒரு மொழி பேசுவோர் பலராக இருத்தலின் அவர்க்கு வாய்ப்பு மிகுதி. சிலராக இருத்தலின் பிறர்க்கு வாய்ப்புக் குறைவு. எல்லா மொழிகளும் அமைப்பில் நிகரானவை என்பதை முதல் வகுப்பிலேயே கற்பிக்கும் துறை, தன் மதிப்பெண் ஏற்பாட்டில் அதற்கு மாறாக நடப்பதாக முடிகிறது. வரையறைக்கு உட்படாத மாணவரையும் ஆய்வில் அமரச் செய்து, அவர்தம் தரவைப் பகுப்பாய்வில் சேர்க்காது விடுதல் ஒரு தீர்வாகலாம். இத்தீர்வில் கற்றல் வாய்ப்பு அனைவர்க்கும் கிடைக்கிறது. ஆய்வின் துல்லியமும் கெடுவதில்லை.

இதன் மறுபக்கம் அறிவின் எல்லை பற்றியது. ஹென்ரிக், ஹைன், நோரன்சயன் ஆகிய மூவர் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், மேலைநாட்டுக் கல்வியும் செல்வமும் பெற்ற சமூகத்தினரிடம், குறிப்பாக மாணவரிடம், பெற்ற தரவைக்கொண்டு மனித இனம் முழுமைக்கும் விதிகூறுதல் தவறு எனச் சான்றுகளுடன் காட்டினர். எளிதில் கிட்டுவோரையே நாடும் ஆய்வு, எளிதில் கிட்டாதோரின் மொழியை அறியாது போகிறது. வாய்ப்பில் சமன்மையின்மை, முடிவில் பொதுமையின்மையாகிறது.

குரலும் தீர்ப்பும்

மொழியியல் ஆய்வில் பங்கேற்பவர் தருவது எண்ணும் விடையும் மட்டுமன்று, குரலும் வழக்குமாகும். குரலில் ஒருவரின் ஊர், வளர்ந்த சூழல், சமூகப் பின்னணி ஆகியவை வெளிப்படக்கூடும். பெயரை நீக்கிவிட்டாலும் பதிவு செய்யப்பட்ட பேச்சு முற்றிலும் அடையாளம் அற்றதாவதில்லை; நாள்தோறும் வகுப்பில் அக்குரலைக் கேட்கும் ஆசிரியர் பெயரின்றியே ஆளை அறிவார்.

தமிழ்ச் சூழலில் இது மேலும் கூர்மை பெறுகிறது. தமிழின் கிளைவழக்குகளுள் வட்டார வழக்கேயன்றிச் சமூக வழக்கும் உண்டு என்பதைக் கிளைமொழி ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. 'உங்கள் வீட்டில் இதனை எவ்வாறு சொல்வீர்கள்?' என ஆசிரியர் வகுப்பில் வினவும்போது, மொழியியல் நோக்கில் அது எளிய வினா. விடை கூறும் மாணவர்க்கோ அது தம் பிறப்பைப் பலர் அறியக் கூறும் செயலாகக்கூடும். அவர் வீட்டு வழக்கை மறைத்துப் பொதுவழக்கையோ எழுத்து வழக்கையோ கூறிவிட்டால் அது பொய்யன்று, தற்காப்பு. மதிப்பெண் வழங்குபவர் முன் அமர்ந்தவர் 'பிழையற்ற' தமிழைத் தர முயல்வதும் இயல்பே. எழுத்து வழக்கிற்கும் பேச்சு வழக்கிற்கும் இடைவெளி மிகுந்த தமிழில், அத்தரவு எந்த வழக்கினது என்பதே ஐயத்திற்குரியதாகிறது. அச்சத்தால் தரப்பட்ட ஒப்புதல் அச்சத்தால் திருத்தப்பட்ட தரவையே தரும். அறக்குறை தரவின் குறையாக முடிவது இங்குத் தெளிவாகிறது.

மக்கள் உற்றுநோக்கப்படாதபோது எவ்வாறு பேசுகின்றனர் என்பதை அறிய வேண்டும். ஆனால் உற்றுநோக்கியே அதனை அறிய இயலும் என்னும் முரணை லெபாவ் 'நோக்குபவர் முரண்' எனக் குறித்தார். அவரே நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் நிகழ்த்திய ஆய்வில், நான்காம் தளத்தில் கிடைக்கும் பொருள் எங்குள்ளது என வினவி, 264 பணியாளரிடமிருந்து 'நான்காம் தளம்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரைப் பெற்று, அதில் ரகர ஒலிப்பைக் குறித்துக்கொண்டார். தாம் ஆய்வுக்கு உட்பட்டதை அவர்கள் அறியார். அத்தரவு இயல்பானது, ஆனால் ஒப்புதலற்றது. மாணவரின் தரவு ஒப்புதலுடையது. ஆனால் தன்னுணர்வு மிக்கது. இவ்விரண்டிற்கும் இடையில் மொழியியலார் தேடவேண்டிய வழி, பங்கேற்பவர் அஞ்சவேண்டாத உறவை உருவாக்குவதே. மதிப்பெண் வழங்கும் ஆசிரியரே ஆய்வாளராக அமையாமையும், எவர் பங்கேற்றார், எவர் மாற்றுப் பணி செய்தார் என்பதைப் பாட ஆசிரியர் அறியாமையும் அதற்கான முதற்படிகள்.

கடனும் கைம்மாறும்

பங்கேற்பில் மாணவர் கற்பது என்ன என்னும் வினாவிற்கு மொழியியலே சிறந்த விடை தரவல்லது. லாம்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் 1960இல் வெளியிட்ட மாண்ட்ரியல் ஆய்வில், இருமொழியாளர் ஒருவரே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசிய பதிவுகளை வெவ்வேறு மனிதரின் பேச்சு என எண்ணிக் கேட்ட மாணவர், பேசியவரின் பண்புகளை வேறுவேறாக மதிப்பிட்டனர். பிரெஞ்சு பேசும் மாணவரே தம் மொழியில் ஒலித்த குரலைப் பல பண்புகளில் தாழ்த்தி மதிப்பிட்டமை குறிப்பிடத்தக்கது. டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சொற்பொழிவுப் பதிவைக் கேட்ட அமெரிக்க மாணவருள், ஆசிய முகத்தின் படத்தைப் பார்த்தவாறு கேட்டவர் அயல் ஒலிப்பு இருப்பதாகக் கருதினர். அவர்தம் புரிதலும் குறைந்தது.

இத்தகைய ஆய்வில் அமர்ந்து, முடிவில் அதன் நோக்கம் விளக்கப்பெறும் மாணவர், மொழி பற்றிய தம் முற்சாய்வைத் தம்மிடமே காண்கிறார். நூலில் படித்து அறிவதினும் இவ்வறிவு ஆழமானது. விளக்கம் இன்றி அனுப்பப்பட்டால், அவர் ஏமாற்றப்பட்டவராக மட்டுமே எஞ்சுகிறார். ஒரே அரைமணி நேரம் விளக்கத்தால் கல்வியாகிறது; விளக்கமின்மையால் கூலியாகிறது.

மொழி ஆய்வாளர் தமக்குத் தரவு தந்தோர்க்குக் கடன்பட்டவர் என்னும் நெறியை லெபாவ் 1982இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தார். ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு வழக்கைக் கருத்திற்கொள்ளாது கற்பித்ததற்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில் அவர் சான்றுரைத்தார். 1979இல் அக்குழந்தைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அச்சமூகத்திடமிருந்து பெற்ற அறிவு அச்சமூகத்திற்குப் பயன்பட்ட நிகழ்வு அது. கேட்டபோது மட்டுமன்றித் தாமே முன்வந்தும் பயனைத் திருப்பித் தரும் வழிகளை ஆய்வாளர் நாடவேண்டும் என உல்ஃப்ராம் 1993இல் இந்நெறியை விரித்தார். வகுப்பு மாணவரும் தரவு தரும் ஒரு சமூகமே எனக் கொண்டால், அவர்க்குரிய கைம்மாறு அறிவே. மதிப்பெண் அவ்வறிவின் நிழலாக வரலாம். அறிவுக்கு மாற்றாக வரலாகாது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இதன் பொருத்தம்

இந்தியாவில் விருப்பத்தெரிவுப் புள்ளிமுறைக்கான வழிகாட்டு நெறிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு அளித்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, புள்ளிகளைச் சேமித்து வைக்கும் கல்விப் புள்ளி வங்கி 2021இல் தொடங்கப்பெற்றது. வகுப்பறைக்கு வெளியிலான கற்றலுக்கும் புள்ளி வழங்கும் போக்கு வளர்ந்துவரும் இந்நாளில், ஆய்வுப் பங்கேற்புக்குப் புள்ளி தரலாமா என்னும் வினா இங்கும் எழுதல் இயல்பு.

மொழித்துறைகளில் வகுப்பு மாணவரையே தகவலாளராகக் கொண்டு வழக்குச் சொற்களைத் திரட்டுதல் புதிதன்று. எழுத்துவடிவ ஒப்புதலோ, மறுக்கும் வாய்ப்போ, தரவு எங்குப் பயன்படும் என்னும் விளக்கமோ இன்றி, ஆசிரியர்பால் கொண்ட அன்பினாலும் மதிப்பினாலும் மாணவர் தருவதுண்டு. அமெரிக்க முறையில் மதிப்பெண் வெளிப்படையாக நிற்கிறது. இங்கு அது மறைந்து நிற்கிறது. அகமதிப்பீட்டை வழங்குபவர் கேட்கும்போது மாணவர் மனத்தில் மதிப்பெண் தோன்றாது எனல் இயலாது. வெளிப்படையான பரிமாற்றத்தை நெறிப்படுத்தலாம். மறைவானதை நெறிப்படுத்தல் அரிது.

2023இல் இயற்றப்பட்ட இலக்கமுறைத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வு நோக்கிற்கு விலக்களிக்குமிடத்தும், அத்தரவைக்கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கப்படலாகாது என்னும் வரையறையை வைக்கிறது. மாணவரின் பேச்சுப்பதிவைக் கேட்டு அவர்தம் மொழித்திறனை மனத்துள் மதிப்பிட்டுவிடும் ஆசிரியர், சட்டத்தின் சொல்லை மீறாவிடினும் அதன் கருத்தை மீறியவராவார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மதிப்பெண் கற்றலுக்குரிய சான்று. எனவே ஆய்வுப் பங்கேற்பு கற்றலாக அமையும்போது மட்டுமே அதற்கு மதிப்பெண் வழங்கல் தகும். ஆய்வின் நோக்கத்தையும் முறையையும் முடிவில் விளக்குதலும், இயன்றவிடத்து முடிவுகளைப் பின்னர் அறிவித்தலும் அதற்கு இன்றியமையாதன. நேரத்தாலும் உழைப்பாலும் இணையான மாற்றுப் பணி உள்ளபோதே மாணவர் ஒப்புதல் ஒப்புதலாகும். தாய்மொழி காரணமாக எவர்க்கும் வாய்ப்புக் குறைதலாகாது. தரவு பெறுபவரும் மதிப்பெண் தருபவரும் ஒருவராதல் கூடாது. இவை அறத்திற்கு மட்டுமன்றி, தூய தரவுக்கும் வேண்டப்படுவன.

பிற அறிவியல்கள் மனிதரிடம் உள்ள ஏதோ ஒன்றை ஆராய்கின்றன. மொழியியல் ஆராய்வதோ, மனிதர் தம் தாயிடமும் ஊரிடமும் பெற்று, பல்கலைக்கழகத்திற்கு வருமுன்பே தம்முடையதாக்கிக்கொண்ட ஒன்றை. அதனை மாணவர் துறைக்குத் தருகிறார். தந்ததன் அருமையை அவரே உணரும்படி செய்து அனுப்புதல் அத்துறையின் கடன்.